ஒன்றரை அங்குல விரிசல்

நல்லமாடன்பட்டியில் விரிசல் விடாத சுவர் என்று ஒன்று இருந்தால் அது இன்னும் கட்டாத சுவராகத்தான் இருக்கும். கரிசல் மண்ணின் சுபாவம் அப்படி. சித்திரை வெயிலில் பிளக்கும். ஐப்பசி மழையில் ஊறிப் பொருமிக் கூடிவிடும். மண்ணோடு சேர்ந்து சுவரும் பிளக்கும், சுவரும் கூடும். அதற்காக ஊரில் யாரும் கவலைப்பட்டு இளைத்ததில்லை. கோடையில் வெற்றிலைப் பையை விரிசலுக்குள் செருகி வைப்பார்கள். மழைக்கு முன்னால் எடுக்க மறந்தவன் தை கழிந்துதான் வெற்றிலை போட முடியும்.

மாடக்கண்ணு வீட்டு மேற்குச் சுவரும் அந்தச் சாதிதான். அது பாட்டுக்குப் பிளந்து, அது பாட்டுக்குக் கூடி, யாருக்கும் தொந்தரவில்லாமல் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. எழுபத்தெட்டாம் வருஷம் வைகாசிக் கோயில் கொடைக்கு, எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து சம்பந்தியம்மாள் சங்கரம்மாள் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சுவரோரம் பாயை விரித்துச் சாய்ந்தாள். விரிசலுக்குள்ளிருந்து ஒரு பூரான் புறப்பட்டு, அவள் காதோரம் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போயிற்று. எழுந்து உட்கார்ந்தவள் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"நல்லாக் கேட்டுக்கிடுங்க. எம் மருமவளுக்கு நாலு மாசம் ஆவுது. வளைகாப்பு முடிஞ்சு தலைப்பிள்ளைக்கு அம்மை வீட்டுக்கு அனுப்புதது மொறை. ஆனா இந்தச் செவுத்தடியில பச்சப் பிள்ளையைப் போட நான் சம்மதிக்க மாட்டேன். செவுத்தைச் சரி பண்ணிட்டு வந்து கூப்பிடுங்க. இல்லன்னா பேறு எங்க வீட்டுலதான்."

தலைப்பிரசவம் மாமியார் வீட்டில் என்றால் பெற்றவர்கள் செத்துப் போனார்கள் என்று அர்த்தம். இல்லாவிட்டால் வக்கற்றுப் போனார்கள் என்று அர்த்தம். மாடக்கண்ணுவின் மனைவி பாண்டியம்மாளுக்கு இரண்டும் ஒன்றுதான். மகள் வெள்ளைத்தாயோ இடி இடித்தால்கூட அம்மாவின் முந்தானையைப் பிடிக்கிறவள். பஸ் ஏறும்போது, "எம்மா, நீ பக்கத்துல இல்லாம எனக்கு ஏலாதும்மா" என்று அழுதுவிட்டுப் போனாள். பாண்டியம்மாள் வீட்டுக்கு வந்து, புருஷனுக்குக் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"என்னத்தையாவது செய்யும். எம் பிள்ளை இந்த வீட்டுலதான் பெறணும்."

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். மண்ணைக் குழைத்து அப்பிப் புண்ணியமில்லை என்றார். சுவரை இறக்க வேண்டும். கரிசலுக்கு அடியில் கெட்டியாகக் கிடக்கிற சுக்கான் பாறை தட்டும்வரை அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வேண்டும். கல் போட்டு, சுட்ட செங்கல்லில் எழுப்ப வேண்டும். இரண்டாயிரம் ரூபாய் ஆகும். மாடக்கண்ணுவின் இடுப்பு மடியில் அன்றைக்கு இருந்தது ஒரு மூக்குப்பொடி மட்டை.

பலசரக்குக் கடை பெருமாள்சாமி நூற்றுக்கு மாதம் மூன்று வட்டி சொன்னார். பருத்தி மண்டிக்காரர் வட்டியே வேண்டாம் என்றார். வருகிற பருத்தியை நான் சொல்கிற விலைக்குப் போட்டுவிடு, போதும் என்றார். அவர் சொன்ன விலையைக் கேட்டபிறகு பெருமாள்சாமி தருமப் பிரபுவாகத் தெரிந்தார். அப்போதுதான் கோவில்பட்டி பஜாரில், ஒரு மாடியின் நெற்றியில், பச்சைப் பெயிண்டில் எழுதிய போர்டு மாடக்கண்ணுவின் கண்ணில் பட்டது. கரிசல் வட்டார இல்லச் சீரமைப்புக் கூட்டுறவுச் சங்கம். வீட்டைப் பழுதுபார்க்கக் கடன். ஜில்லாவிலேயே மிகக் குறைந்த வட்டி. ஆண்டுக்கு ஆறு.

மாதத்துக்கு மூன்று எங்கே, வருஷத்துக்கு ஆறு எங்கே. அவர் தெருவில் நின்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஊருக்கு வந்து பெருமாள்சாமியிடம், "ஒங்க ரூவா வேண்டாம் அண்ணாச்சி" என்று கொஞ்சம் மிதப்பாகவே சொன்னார்.

"ஆறு வட்டியா, நல்லாருக்கே" என்றார் பெருமாள்சாமி, புளியை நிறுத்துக்கொண்டே. "கெடைச்சா எனக்கும் சொல்லுங்க. நானும் அங்கன ஆறுக்கு வாங்கி இங்கன மூணுக்கு விடுதேன்."

சங்கத்து மாடியில் ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஒரு இரும்புப் பெட்டி. பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, கதம்பம் சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அதற்குச் சூடம் காட்டுவது உண்டு. திறப்பது இல்லை. மேசைக்குப் பின்னால் செயலாளர் ராஜமணி இருந்தார்.

"கடன் வேணும் சார், செவுரு கட்ட" என்றார் மாடக்கண்ணு.

ராஜமணி முகம் சுளித்தார். "எடுத்த எடுப்புலேயே கடன்னு கேக்கலாமாய்யா? இது என்ன வட்டிக்கடையா? மொதல்ல உறுப்பினரா சேரணும். பத்து ரூபாய் பங்கு. அப்புறம் மகாசபையில கலந்துக்கிடணும். அப்புறம் ஒமக்குத் தேவை இருக்கான்னு நாங்க முடிவு பண்ணணும்."

"தேவை இருக்கு சார். அதாலதான வந்தேன்."

"அது ஒமக்கு எப்படிய்யா தெரியும்? அதைக் கண்டுபிடிக்கத்தான் இங்க ஆறு பேரு சம்பளம் வாங்குதோம்."

மாடக்கண்ணு பத்து ரூபாய் கட்டி உறுப்பினர் ஆனார். ஆனி மாதம் மகாசபை கூடியது. ஒரு கல்யாண மண்டபம், வாழைமரம், ரேடியோ செட்டு. சங்கத் தலைவர் பத்திரகாளி பெரிய தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளைத் துண்டு. அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"சங்கம் தொடங்கிப் பதினோரு வருசம். இந்தப் பதினோரு வருசத்துல வாராக்கடன்னு ஒரு ரூவா உண்டா? ஒத்த ரூவா? கெடையாது. மத்த சங்கத்துக்காரவிய எங்கிட்ட வந்து கேக்காவ, அண்ணாச்சி, இதை எப்படிச் சாதிச்சியன்னு. நான் சொன்னேன், அட கூறுகெட்டவங்களா, வாராக்கடன் எங்கேருந்து வருது? கடன்லேருந்து வருது. நீங்க கிளையை வெட்டுதிய. நாங்க வேரையே பிடிச்சிட்டோம்."

கைதட்டல் மண்டபத்தைத் தூக்கியது. மாடக்கண்ணுவும் தட்டினார். பாதித் தட்டலில்தான் அவருக்கு என்னமோ உறுத்தியது. பக்கத்தில் இருந்த உறுப்பினரிடம், "அப்போ கடன் யாருக்கும் குடுக்கலையா?" என்று கேட்டார். அந்த மனிதர் தட்டுகிற கையை நிறுத்தாமல், "சாப்பாடு நல்லா போடுவாவ" என்றார்.

தலைவர் முடிக்கவில்லை. "வட்டியைக் கூட்டுங்கன்னு சில பேரு சொல்லுதாவ. நான் ஏழை எளியவன் பக்கம். கூட்ட மாட்டேன். ஆறை நாலாக்கச் சொல்லுங்க, ஆக்குதேன். ரெண்டாக்கச் சொல்லுங்க, ஆக்குதேன். எனக்கென்ன நட்டம்?"

அதற்கும் தட்டினார்கள். வடை, பாயசத்தோடு சாப்பாடு நடந்தது. எல்லாம் பங்குப் பணத்தில்தான். தன் பத்து ரூபாய் எந்த வடையில் இருந்தது என்று மாடக்கண்ணுவுக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனுஷனுக்கு ஆசை விடுகிறதா? வீட்டுக்குப் போய், "பெரிய சங்கம்ட்டி. கணக்குவழக்கு சுத்தம்" என்றார் பாண்டியம்மாளிடம்.

ஆடியில் ஓவர்சியர் சிவசைலம் மர ஸ்கேலும் கையுமாக வந்தார். பாண்டியம்மாள் மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு விரிசலில் ஸ்கேலை வைத்தார். தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"மூணேகால் அங்குலம். ஆகாது."

"பெரிசாத்தான இருக்கு சார். பெருசுக்குத்தான கடன் வேணும்."

"விதி இருக்கய்யா. அரை அங்குலத்துக்குக் கீழ இருந்தா அது விரிசலே இல்ல, வெறும் கோடு. கோட்டுக்கு எதுக்குக் கடன்? ரெண்டு அங்குலத்துக்கு மேல போனா அது வீடே இல்ல, இடிபாடு. இடிபாட்டை நம்பி எவன் குடுப்பான்? விரிசல்னா நடுவாந்தரமா இருக்கணும்."

"மழை பேஞ்சா கொறையும் சார்."

"கொறைஞ்சா சொல்லி விடும்."

ஆவணியில் இரண்டு நல்ல மழை விழுந்தது. மாடக்கண்ணு காலையும் மாலையும் விரிசலில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சரியாக இருக்கிற மாதிரிப் பட்டதும் கோவில்பட்டிக்கு ஓடினார். ஓவர்சியர் மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவர் சாவகாசமாகத் திரும்பி வந்து சேர்ந்தபோது இன்னொரு மழையும் பெய்து முடித்திருந்தது. சுவரில் மயிரிழைக் கோடுதான் மிச்சம். சிவசைலத்துக்கு வந்ததே கோபம்.

"என்னய்யா இது, சங்கத்தைக் கேலி பண்ணுதீரா? போன மாசம் மூணேகால். இந்த மாசம் ஒண்ணுமே இல்ல. ஒரு செவுரு இப்படியா நடந்துக்கிடும்?"

"சார், இது கரிசல் மண்ணு. காஞ்சா விரியும், நனைஞ்சா கூடும்."

"கரிசலைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல" என்றார் கரிசல் வட்டார இல்லச் சீரமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் ஓவர்சியர்.

அந்த மாதமே வளைகாப்பு. பாண்டியம்மாள் ஐந்து வகைச் சோறும், வளையலும், பட்டுச்சேலையும் எடுத்துக்கொண்டு புருஷனோடு எப்போதும்வென்றான் போனாள். வளையல் அடுக்கி, பெண்கள் குலவை போட்டு முடித்ததும் சங்கரம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "செவுரு என்ன ஆச்சு?" கடன் வந்துக்கிட்டே இருக்கு என்றார் மாடக்கண்ணு. "வரட்டும், அதுக்குப் பொறவு கூட்டிட்டுப் போங்க" என்றாள் சங்கரம்மாள். திரும்பி வருகிற பஸ்ஸில் மகளுக்கென்று பிடித்து வைத்த சீட்டில் பாண்டியம்மாள் வெறும் தூக்குவாளியை வைத்துக்கொண்டு வந்தாள். ஊரில் இறங்கியதும், "எல்லாவனும் கேப்பானே, நான் என்ன சொல்ல?" என்று அழுதாள்.

பெருமாள்சாமியிடம் போவோமா என்று மாடக்கண்ணுவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் பத்து ரூபாய் கட்டியாயிற்று, ஊர் முழுக்க ஆறு வட்டி என்று பீற்றியும் ஆயிற்று. விட்டதைப் பிடிக்கப் போனவன் கதையாக அவர் சங்கத்தையே பிடித்துத் தொங்கினார். புரட்டாசியில் மறுபடியும் வெயில் காய்ந்தது. விரிசல் மெல்லத் திறந்தது. இந்தத் தடவை ஓவர்சியருக்குத் தன் செலவில் பஸ் டிக்கெட்டும், காராச்சேவும் வாங்கிக் கொடுத்துக் கையோடு கூட்டிவந்துவிட்டார்.

சிவசைலம் ஸ்கேலை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். அவர் முகத்தில் ஒரு பரவசம் வந்தது.

"ஒண்ணரை. எம்புட்டு அருமையான விரிசல். பதினோரு வருச சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல. இதை இப்படியே வச்சிருக்கணும், கேட்டீரா? செயலாளர் வந்து பாப்பாரு. பொறவு தலைவர் வந்து பாப்பாரு. அதுக்குள்ள கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. மாறுச்சுன்னா மொதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

"அதை எப்படி சார் நிப்பாட்ட?"

"வீடு ஒம்மது. நான் சொன்னா பேச்சைக் கேக்குமா?"

மறுநாள் பாண்டியம்மாள் வழக்கம்போல் வீட்டை மெழுகுகிறபோது விரிசலின் வாயிலும் கொஞ்சம் சாணியைத் தடவிவிட்டாள். பார்வைக்கு வந்த ராஜமணி துடித்துப் போனார். "ஆதாரத்தை அழிக்கப் பாத்தியளே தாயி" என்று தன் பேனாக் கத்தியால் தானே சுரண்டினார். அளந்தார். சரியாக இருந்தது. தலைவருக்கு ஐப்பசியில்தான் ஒழிகிறது, அதுவரைக்கும் என்னத்தையாவது கொடுத்து இறுக்கி வையும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாடக்கண்ணு கருவேல மரத்தில் மூன்று ஆப்பு செதுக்கினார். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. சம்மட்டியால் அடித்து இறக்கினார். அந்த வழியாகப் போன கொத்தனார் நின்று பார்த்தார்.

"அண்ணாச்சி, மண்ணு ஊறி நெருக்கும்போது ஆப்பு குறுக்க நின்னா, செவுரு எங்கன போவும்?"

இந்தக் கேள்வி மாடக்கண்ணுவுக்குத் தெரியாததா? அவர் பிறந்தது கரிசலில், உழுதது கரிசலில். அந்த ஊரில் நடைபழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும், கூடுகிற சுவருக்குள் எதையும் விட்டு வைக்கக் கூடாது என்று. ஆனால் மாடியேறிப் போய், மின்விசிறிக்கு அடியில் நின்று, நாலு தடவை சரிங்க சார் என்று சொன்னவனுக்குச் சொந்தப் புத்தி எங்கே நிற்கும்?

"தலைவர் வந்து பாக்குத மட்டும்தான்" என்றார். "பாத்துட்டார்னா உருவிருவேன்."

தலைவர் வருகிறேன் என்று சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. விட்ட பாடில்லை. ஆப்பை உருவலாம் என்று மாடக்கண்ணு இரண்டாம் நாள் காலையில் கையை வைத்தார்; அது நகரவில்லை. சம்மட்டியால் தட்டினார், சுவர் முனகியது. மத்தியானம் பாண்டியம்மாள் தொழுவில் மாட்டுக்குக் கூளம் போட்டுக்கொண்டிருக்கும்போது மேற்குச் சுவர் நடுவில் வயிறு தள்ளி, அப்படியே வெளிப்பக்கமாக உட்கார்ந்துவிட்டது. கூரையில் ஒரு பக்கம் தொங்கியது. வெள்ளைத்தாய் வந்தால் படுப்பதற்கென்று கட்டி வைத்திருந்த கயிற்றுக் கட்டில் மழையில் நனைந்தது.

மாடக்கண்ணு சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். தன் கையால் செதுக்கிய ஆப்பு என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பாண்டியம்மாள் ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை தலைவர் சொன்னபடி வந்தார். வாக்குத் தவறாதவர். சங்கத்து அம்பாசடர் கார் ஊர் முகப்பில் சரளைக்கல் ரோட்டிலேயே நின்றுகொண்டது. தலைவரும், செயலாளரும், ஓவர்சியரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, குடை பிடித்து, கரிசல் சேற்றில் ஒவ்வொரு காலாகப் பிடுங்கிப் பிடுங்கி நடந்து வந்தார்கள். சுவர் இருந்த இடத்தில் மூவரும் நின்றார்கள். சிவசைலம் பழக்க தோஷத்தில் ஸ்கேலை நீட்டினார். வைப்பதற்கு ஒன்றும் இல்லை.

"விரிசல் எங்க?" என்று கேட்டார் தலைவர்.

"விரிசல் இல்லைங்க" என்றார் ராஜமணி.

"முந்தி இருந்துச்சா?"

"ஒண்ணரை அங்குலம் இருந்துச்சு. நானே பாத்தேன்."

தலைவர் மாடக்கண்ணுவின் தோளில் கையை வைத்தார். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

"நம்ம சங்கத்து மேற்பார்வையிலேயே விரிசல் நீங்கிட்டு பாத்தீரா? ஒமக்குக் கடனும் இல்ல, வட்டியும் இல்ல. ஆறு வட்டிக்கு வந்தீரு, வட்டியே இல்லாமக் காரியம் முடிஞ்சிட்டு. இதைவிடக் கொறைஞ்ச வட்டிக்கு எந்த தேசத்துலய்யா குடுக்கான்? இன்னைக்குத் தூத்துக்குடியில விழா. வாராக்கடன் இல்லாத சங்கம்னு நமக்குக் கேடயம் குடுக்காவ. மேடையில ஒம்ம பேரைச் சொல்லுதேன்."

"செவுரு அண்ணாச்சி?" என்றார் மாடக்கண்ணு.

"அது புதுக் கட்டடம். அதுக்கு வேற சங்கம்" என்றார் ராஜமணி.

அப்போதுதான் மருமகன் சுடலைமாடன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தான். விழுந்து கிடந்த சுவரை அவன் பார்க்கக்கூட இல்லை.

"அத்த, வெள்ளத்தாய்க்கு விடியக்காலமே நோவு கண்டுட்டு. மருத்துவச்சி வந்துட்டா. தலை தெரியலையாம். எங்கம்மை வரணும், எங்கம்மை வரணும்னு அதையே சொல்லிக்கிட்டுக் கெடக்கா. என்னையப் பெத்த அம்மையே என்னைய வெரட்டி விட்டா, போயி அவியளைக் கூட்டிட்டு வால்லேன்னு. பஸ்ஸு மத்தியானத்துக்கு மேலதானாம்."

மாடக்கண்ணு தலைவரின் முன்னால் கையைக் கூப்பினார். தூத்துக்குடிக்கு எப்போதும்வென்றான் வழியாகத்தான் போக வேண்டும். கார் அந்த ஊர் நடுவில் புகுந்துதான் போகும். "போற வழிதான் அண்ணாச்சி. ஒரு பொம்பளைக்கு எடம். வேற ஒண்ணும் கேக்கல."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். ராஜமணி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சங்க வாகனத்துல உறுப்பினரை ஏத்துறதுக்கு விதி கெடையாது. உறுப்பினர் குடும்பத்தை ஏத்தணும்னா மகாசபையில தீர்மானம் போடணும். மகாசபை வருற ஆனியில. இவர் இப்ப மனு குடுத்தா..."

மாடக்கண்ணு இன்னும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஆனியில் மனு கொடுப்பதைப் பற்றி ராஜமணி மேலும் விளக்கிக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் எப்போது அங்கிருந்து போனாள் என்று யாரும் கவனிக்கவில்லை. அவர்கள் சேற்றைக் கடந்து ரோட்டுக்கு வந்தபோது, காரின் பின் சீட்டில், வெள்ளைத் துண்டு விரித்த தலைவரின் இடத்தில், முழங்கால் வரை கரிசல் சேறோடு அவள் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கும்மா" என்றார் தலைவர்.

"எறங்க மாட்டேன்."

"இது சங்கத்து வண்டி."

"தெரியும். எங்க வீட்டுக்காரரு ஒங்ககிட்ட செவுருக்குத்தான் கடன் கேட்டாரு. ஆறு மாசமாக் கும்பிட்டு, இருந்த செவுரையும் தொலைச்சாரு. நான் கும்பிட வரல. எம் மவ அங்கன உசிருக்குப் போராடுதா. ஏறுதவிய ஏறுங்க, நிக்குதவிய நில்லுங்க." அவள் முன்னால் குனிந்து டிரைவரின் முதுகைத் தொட்டாள். "எய்யா, நீ வண்டியை எடு."

டிரைவர் தலைவரின் முகத்தைப் பார்த்தான். பிறகு பாண்டியம்மாளைப் பார்த்தான். சாவியைத் திருகிவிட்டான். கேடயத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தலைவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேறு படாத ஓரமாகத் தேடிப் பார்த்து, அப்படி ஒன்று இல்லாததால் சேற்றிலேயே உட்கார்ந்தார். ராஜமணி முன்னால் ஏறினார். சுடலைமாடன் சைக்கிளை மாமனார் கையில் கொடுத்துவிட்டு மறு பக்கக் கதவைத் திறந்து தானும் ஏறிக்கொண்டான். சிவசைலத்துக்கு இடமில்லை. மாடக்கண்ணுவும் அவரும் மழையில் நின்று, போகிற காரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாண்டியம்மாள் சொல்லித்தான் மாடக்கண்ணுவுக்குத் தெரியும். எட்டயபுரம் தாண்டியதும் ராஜமணி திரும்பி, தாழ்ந்த குரலில், "அண்ணாச்சி, இந்தப் பொம்பளை ஏறுனதை எந்தக் கணக்குல எழுத?" என்று கேட்டாராம்.

"என்னத்தையும் எழுதும்" என்றாராம் தலைவர். "உறுப்பினருக்குக் குடுத்ததுன்னு மட்டும் எழுதிராதேயும். பதினோரு வருசமாக் காப்பாத்தின பேரு."

எப்போதும்வென்றானில், வீட்டு வாசலிலேயே கார் நின்றது. உள்ளேயிருந்து வெள்ளைத்தாய் "எம்மா" என்று அலறுகிற சத்தம் தெரு முனை வரை கேட்டது. பாண்டியம்மாள் கதவைச் சாத்தக்கூட நிற்காமல் இறங்கி ஓடினாள். வாசலில் நின்ற சங்கரம்மாள் விலகி வழிவிட்டாள். திறந்து கிடந்த கார்க் கதவு வழியாக அந்த அலறலைக் கேட்டுக்கொண்டே, தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ராஜமணியிடம் கொடுத்து, விழா தொடங்குவதற்குள் சீட்டில் இருக்கிற சேற்றைத் துடைக்கச் சொன்னார்.